தாய்மாமன் மடி

ராஜபாளையம் வருவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பாக இருக்கிற இடத்தில், செங்கோட்டை பாசஞ்சர் முனகிக்கொண்டே வேகம் குறைந்து நின்றுவிட்டது. நின்றதும் குருவையாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ராஜபாளையம் வந்தால் இறங்க வேண்டும், இறங்கினால் பிளாட்பாரத்தில் பரமசிவம் நிற்பான், அவன் கையில் இந்தத் துணிக்கடைப் பையைக் கொடுத்துவிட்டு, காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று இரண்டு இருமல் இருமிவிட்டு, விருதுநகர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட வேண்டும். பரமசிவம் சித்தப்பா மகன், ராஜபாளையத்தில் டயர்க்கடை வைத்திருக்கிறான், மோட்டார் சைக்கிளில் சங்கரன்கோவிலுக்கு முக்கால் மணி நேரத்தில் போய்விடுவான். நேற்றே போனில் பேசி முடித்தாயிற்று. பைக்குள் இருப்பது கோடிச்சேலை. சங்கரன்கோவிலில் தங்கச்சி சண்முகத்தாயின் புருசன் உத்தண்டு போய்ச் சேர்ந்து இன்றோடு பதினாறு நாள், காரியம் பன்னிரண்டு மணிக்கு, அதற்குள் பிறந்த வீட்டுக் கோடி அவள் தோளில் விழ வேண்டும். அப்பா இல்லாத வீட்டில் அதைப் போர்த்த வேண்டியவன் அண்ணன். அண்ணனுக்குத்தான் காய்ச்சலாயிற்றே. சாவுக்கும் அதே காய்ச்சல்தான். செய்தி வந்த காலையில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார், பெண்டாட்டி வீரம்மா நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள், அவள் கை வைத்த இடம் ஐஸ் மாதிரி இருந்தது அவருக்கே தெரிந்தது. பதினாறு நாளாக அவள் அங்கேயே இருக்கிறாள். முந்தாநாள் போனில் ஒரே பேச்சுதான் பேசினாள். “நீங்க வந்தா வாங்க, வராட்டிப் போங்க. ஆனா சேலைய எவன்கிட்டயும் குடுத்துவிடாதீங்க, அவ வாங்க மாட்டா.” வாங்காமல் எங்கே போவாள், சபையில் வைத்து யார் நீட்டினாலும் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார், நினைத்துவிட்டு அந்த நினைப்பையே கொஞ்சம் வெறுத்தார்.

எதிர்ச் சீட்டில் இருந்த பொம்பளைப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும், சிவகாசியில் ஏறியவள், தோளில் ஒரு கைக்குழந்தை. ஏறியதுமே ஜன்னலோரம் உட்காரலாமா தாத்தா என்று கேட்டாள், அவர் கேளாதவர்போல வெளியே பார்த்தார், விருதுநகரில் முண்டியடித்துப் பிடித்த இடம் அது. அதற்காக அவள் முகம் ஒன்றும் மாறவில்லை. மாறாததும் அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து, “தாத்தா, செத்த பிடிச்சுக்கிறீங்களா, பாத்ரூம் போயிட்டு வந்துர்றேன்” என்றாள், அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் குழந்தை அவர் மடியில் இருந்தது. மிளகாய் வத்தல் கோடவுனில் நாற்பது வருசம் மூடை தூக்கிய உடம்பு அது. சுமை ஏறியதும் காலைப் பரப்பி நடக்கத் தெரியும், நடந்து போய் மூடை அடுக்கிய அட்டியில் சாய்க்கத் தெரியும், சுமையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த உடம்புக்குத் தெரியாத வேலை. தொடை விறைத்துக்கொண்டது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் வைத்திருந்தார். குழந்தை தலையைத் திருப்பி அவர் வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டு தூங்கியது. பெண்குழந்தை, ஒரு வயது இருக்கலாம், காது இன்னும் குத்தவில்லை. அவள் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “இப்ப எடுத்தா அழுவா தாத்தா, ரெண்டு நாளா என்னத் தூங்கவிடல, கொஞ்ச நேரம் இருக்கட்டுமா” என்று கேட்டபடியே உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் வருமுன் தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிப்போனாள். எஞ்சின் சத்தமும் அடங்கிப்போனது. பெட்டியில் பேசிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை விட்டார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. தூரத்தில் ஒரு பம்புசெட், அது ஒரே சீராக விட்டு விட்டு அடித்தது. தோப்புக்குள் ஒரு மயில். தென்னை மட்டை ஒன்றோடொன்று உரசுவது. தண்டவாளத்துக் கல் வெயிலில் சூடாகிற வாசனையும் கக்கூஸ் நாற்றமும் சேர்ந்து வந்தன. மேற்கே மலை, அதன் இடுப்பில் ஒரு துண்டு மேகம் அசையாமல் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிய பால்கோவாக்காரன்கூடக் கூடையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பால்கோவாவைப் பார்க்காமல் இருக்கத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்ததிலிருந்து அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். அதைப் பிறகு நினைக்கலாம். முதலில் காது. இந்தக் காது. பூ இதழ் மாதிரி மெல்லிசாக, வெளிச்சம் பட்டதும் உள்ளே ஒரு சிவப்பு நரம்பு தெரிந்தது. முகேசுக்கும் ஒரு வயதில் இப்படித்தான் இருந்திருக்கும், இருந்திருக்கும் என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தால்தானே. கல்யாணமாகிப் பதினாலு வருசம் கழித்து சண்முகத்தாய்க்குப் பிறந்த பிள்ளை, பதினோரு வருசத்துக்கு முன்னால் அவனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்துவார்கள், அவளுக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருத்தர்தான். புருசன் பெண்டாட்டி இரண்டு பேரும் வந்து தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை வைத்துவிட்டுப் போனார்கள். போன பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதை எடுத்து விரித்தார். இரண்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்து ஒவ்வொன்றும் தள்ளித்தள்ளி, நிமிர்ந்து நின்றால் கூட்டிப் படித்துவிடுவார், மூடையில் மார்க் போட்டிருப்பார்களே அந்த மாதிரி. இது ஊரில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை. டீக்கடையில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் சிரிப்பார், ச்சே என்றால் ச்சே என்பார். பத்திரிகையில் மேலே பிள்ளையார் படம், அதற்குக் கீழே வளைவாக, பூவும் கொடியும் சுற்றிக்கொண்டு தங்கக் கலரில் என்னவோ இருந்தது, சாமி பேர் என்று விட்டுவிட்டார். கீழே கறுப்பு மையில் வரிசையாகப் பேர்கள். அதில்தான் தன் பேரைத் தேடினார். விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினார். மூன்றாவது பேர் வந்தது. ப, ர, ம, சி. பரமசிவம். கடைசி வரைக்கும் போய் மறுபடி மேலே வந்து மறுபடி கீழே போனார். குருவையா இல்லை. டயர்க்கடைக்காரன் இருக்கிறான், தங்கச்சியை இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவன் இல்லை.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பத்திரிகையை வாசித்துப் பார்க்கச் சொல்வார்கள். என்னை மதிக்காத இடத்துக்கு நான் போகமாட்டேன் என்றார், அவ்வளவுதான், எதில் மதிக்கவில்லை என்று சொல்லவில்லை. சனம் அதுவாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. பிள்ளை பிறந்ததும் இவர் கொண்டுபோய்ப் போட்ட தொட்டில் ஆட்டும்போது கிரீச்சென்று கத்தும், மச்சான் பிள்ளையத் தூங்கவைக்கத் தொட்டில் கொண்டாந்தாரா எழுப்பிவிடக் கொண்டாந்தாரா என்று உத்தண்டு ஒருநாள் சிரித்தான், அன்றைக்கு இவரும்தான் சிரித்தார். அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்றார்கள். இவர் இல்லை என்று சொல்லவில்லை. காதுகுத்து அன்றைக்குக் காலையில் வீட்டிலேயே இருந்தார், சட்டையைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு கோடவுனுக்குப் போய்விட்டார். அங்கே நல்ல நேரம் முடிகிற வரைக்கும் காத்திருந்தார்களாம். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை கேட்டாராம். பரமசிவம் மடியில் வைக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னதற்கு சண்முகத்தாய் ஒத்துக்கொள்ளவில்லை. எப்போதோ இவர் அவள் வீட்டில் மறந்து விட்டுவந்த ஒரு துண்டை எடுத்து மடித்துத் தன் மடியில் போட்டு, அதன்மேல் பிள்ளையை உட்கார்த்திக் குத்தச் சொன்னாளாம். வீரம்மா வந்து சொன்னபோது, பார்த்தியா அவ்வளவு திமிர் என்றார் இவர். துண்டை வைத்தா என் மடியைக் காட்டுகிறாள் என்றார். அந்த வயதில் எதையும் எதிராகத் திருப்பி அடுக்கத் தெரிந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, சரியாமல், அட்டி போட்டு அடுக்கத் தெரிந்திருந்தது.

இதுவரைக்கும் நினைத்தால் கோபம் வரும், வரட்டும், கோபம் நல்லது, அதன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். ஆனால் இன்றைக்குக் குழந்தையின் மூச்சு வயிற்றில் பட்டுக்கொண்டிருந்தது, சூடாக, பிறகு இல்லாமல், பிறகு சூடாக, பம்புசெட்டும் அதே மாதிரி அடித்தது, கோபம் வந்த வழியிலேயே எங்கோ உட்கார்ந்துவிட்டது. வேறு ஒன்று வந்தது. இரண்டு வருசம் கழித்து மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை அடிக்க மாதிரி பார்க்க வேண்டும் என்று அவள் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள், ஒரு பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “அப்பா, இந்த மாதிரி அடிக்கச் சொல்லுங்கப்பா. உங்க பேரு தங்க எழுத்துல எம்புட்டுப் பெருசா இருக்கு பாருங்க.” தங்க எழுத்து. சாமி பேர். விருதுநகர் குருவையா. அவர் அதை வாங்கிப் பார்க்கிற மாதிரி பார்த்தார், பூவும் கொடியும் இப்போது விலகிக்கொண்டன, கு தெரிந்தது, ரு தெரிந்தது. காது இரண்டும் அடைத்துக்கொண்டது. வேற மாதிரி பாரு என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்றைக்கே பஸ் ஏறியிருக்கலாம். ஏறி, தாயி, எனக்கு வாசிக்கத் தெரியாமல் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் மேலும் ஒன்பது வருசம் கோபமாக இருந்தார். இல்லாத கோபத்தை இருக்கிற மாதிரி வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று யாருக்குத் தெரியும். பத்திரிகையைத் தொலைக்கலாம் என்றால் பிள்ளையார் படம் போட்டது, கிழிக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது. பெட்டியின் அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே வைத்தார். இன்று காலை வெள்ளைவேட்டி எடுக்கும்போது அது கைக்கு வந்தது, ஏதாவது ஆற்றில் போட்டுவிடலாம் என்று சேலைக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார், வழியில் வந்த ஆற்றில் எல்லாம் மணல்தான் இருந்தது.

பால்கோவா. சரி, அதையும் நினைக்கத்தான் வேண்டும். நாலு வருசத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், உத்தண்டு கோடவுன் வாசலில் வந்து நின்றான். வழியில் இறங்கி வாங்கியிருக்கிறான், கையில் ஒரு பொட்டலம். வத்தல் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே நின்றான். உள்ளே வா என்று இவர் சொல்லவில்லை. மூடையை இறக்கிவிட்டு வந்தபோது வழியை மறித்தான். “மச்சான், தொட்டில் விசயத்துல நான் வெளயாட்டாத்தான் சொன்னேன். தப்புன்னா மன்னிச்சிருங்க. அவ உங்கள நெனச்சுக்கிட்டே கெடக்கா.” இவருக்கு அப்போது எல்லாம் தெரியும். தங்க எழுத்து தெரிந்து ஐந்து வருசம் ஆகியிருந்தது. செய்யாத தப்புக்கு ஒரு மனிதன் வெயிலில் நின்று மன்னிப்புக் கேட்கிறான், கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வடிகிறது, வத்தல் நெடியா வேறா தெரியவில்லை. “லோடு நிக்குது” என்றார் குருவையா. அவ்வளவுதான் சொன்னார். உத்தண்டு பொட்டலத்தைத் தராசுப் பலகையில் வைத்துவிட்டுப் போனான், முதுகு பூராவும் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள், இவர் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு காகிதத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கினார். அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாள் இருந்தார். அந்த மனிதன் செத்துப்போய்விட்டான், லோடு ஒன்றும் நிற்கவில்லை மாப்பிள்ளை என்று இனி யாரிடம் சொல்வது.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பரமசிவமாக இருக்கும். பை இருக்கிற பக்கம்தான் குழந்தையின் தலை. எடுத்தால் அசைய வேண்டும், அசைந்தால் முழிக்கும். போன் வண்டு மாதிரி நெஞ்சில் முட்டிக்கொண்டே இருந்தது, குழந்தை முகத்தைச் சுளித்தது, அவர் தன்னை அறியாமல் தொடையை இலேசாக ஆட்டினார், அந்தரத்தில் நின்ற கை அதுவாகவே இறங்கி முதுகில் தட்டியது. அந்தத் தட்டு அவருக்குத் தெரிந்த தட்டுதான். பதினாறு வயதில், அம்மா களை எடுக்கப் போன நேரமெல்லாம் சண்முகத்தாயைத் தட்டிய தட்டு. போன் ஓய்ந்தது. பம்புசெட்டும் எப்போது நின்றதோ தெரியவில்லை. ஒன்றுமில்லை. மலை இருந்தது, மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது, வயிற்றில் மூச்சு பட்டது. தலைக்குள் எப்போதும் யாராவது ஒருத்தரிடம் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிற ஆள் பேசாமல் இருந்தான். இவ்வளவு அமைதியான இடம் ஒன்று தனக்குள் இருந்தது அவருக்குத் தெரியாது. சந்தோசம் என்று சொல்ல முடியாது. வெட்கம் அப்படியே இருந்தது, போகவில்லை, ஆனால் அது ஓடிக்கொண்டிருக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, பால்கோவாக்காரன் உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்போதுதான் தொடையில் சூடாக ஒன்று பரவியது. வெள்ளைவேட்டி. அவர் அசையவில்லை. முடியட்டும் என்று இருந்தார்.

எஞ்சின் ஊதியது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. தாய்க்காரி திடுக்கிட்டு எழுந்து பார்த்துப் பதறிப்போனாள். காரியத்துக்கா தாத்தா போறீங்க, வெள்ளைவேட்டியாச்சே என்று புடவைத் தலைப்பால் துடைக்க வந்தாள். இருக்கட்டும் தாயி, பிள்ளை மூத்திரம்தானே என்றார். குழந்தையை அவள் வாங்கிக்கொண்டதும் தொடையில் ஈரமும் காற்றும் சேர்ந்து சில்லென்று இருந்தது. பிளாட்பாரம் வந்தது. பரமசிவம் கறுத்த கைகளோடு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடிவந்தான், இவரைக் கண்டதும் மூச்சு வாங்க நின்றான். “என்னண்ணே, போன எடுக்க மாட்டியா. நேரம் என்ன ஆச்சு. குடு, குடு பைய.” குருவையா பையை எடுத்தார். எடுத்து ஜன்னல் கம்பி வரைக்கும் கொண்டுபோனார், அவன் கையும் கம்பிக்குள் வந்துவிட்டது. பிறகு பையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

“நானே போறேன்டா.”

“காய்ச்சல்னியே.”

“காய்ச்சல் இல்ல.”

பரமசிவம் அவரைப் பார்த்தான், வேட்டியைப் பார்த்தான், கம்பிக்குள் விட்ட கையை வெளியே எடுத்தான். வண்டி சங்கரன்கோவிலைப் பார்க்கக் கிளம்பியது. அங்கே போன் போட்டு, நான் வர்றேன், செத்த பொறுக்கச் சொல்லு என்று ஜன்னல் வழியாகச் சொன்னார், சொல்லி முடிக்கும்போது பிளாட்பாரம் முடிந்துவிட்டது. பொறுப்பார்களா. நல்ல நேரம் முடிகிற வரைக்கும் ஒருதரம் பொறுத்தவர்கள்தான். இறங்கியிருக்கலாமோ. அடுத்த ஊரில்கூட இறங்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் முதல் வார்த்தை எப்படி வரும். மாப்பிள்ளை போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருப்பார்களே, அதைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும். கையைப் பைக்குள் விட்டு சேலைக்கு அடியில் துழாவினார். பத்திரிகையின் ஓரம் மக்கிப் பொடிந்திருந்தது. எதிரே குழந்தைக்குத் துணி மாற்றி முடித்தவளிடம் அதை நீட்டினார். “இத வாசிச்சுக் காட்டு தாயி. எனக்கு வாசிக்க வராது.”

அறுபத்து மூன்று வயதில் முதல்முறையாக அதை வாயால் சொன்னார். அவள் சாதாரணமாக வாங்கிப் பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல வாசித்தாள். பிள்ளையார் துணை. எங்கள் செல்வன் முகேசுக்கு, தாய்மாமன் விருதுநகர் குருவையா அவர்களின் மடியில் அமர்த்தி. அந்த இடத்தில் போதும் என்று கையைக் காட்டினார். அவள் தேதியைப் பார்த்துவிட்டு, ரொம்பப் பழசா இருக்கே என்றாள். அப்புறம், பேச்சுக்குக் கேட்பதுபோல, “விசேசம் நல்லா நடந்துச்சா தாத்தா?”

“நான் போகல.”

“ஏன்?”

“பேரு போடலன்னு நெனச்சுட்டேன்.”

அவள் பத்திரிகையைப் பார்த்தாள். தங்க எழுத்து மங்கியிருந்தாலும் பெரிதாகத்தான் இருந்தது. பிறகு அவரைப் பார்த்தாள். இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள் என்று ஒன்பது வருசமாக அவர் பயந்துகொண்டிருந்தார். அவள் பத்திரிகையை மடிப்பு மாறாமல் மடித்து, கண்ணில் ஒற்றி, அவரிடம் கொடுத்தாள். “இப்ப அவங்க வீட்டுக்குத்தான் போறீங்களா?” ஆமாம் என்று தலையசைத்தார். வண்டி வேகம் எடுத்தது, மலை கூடவே வந்தது. குழந்தை முழித்துக்கொண்டு, எங்கேயோ பார்த்த ஆள் என்பதுபோல அவரையே பார்த்தது. பையை மடியில் வைக்கப் போனவர், வைக்காமல் பக்கத்தில் சீட்டில் வைத்துக்கொண்டார். ஈரம் இன்னும் காயவில்லை.